புதுத் தோசைக்கல்லும் புதுத் துப்பாக்கியும்

கடையிலிருந்து வந்த புதுத் தோசைக்கல்லில் யாராவது நேராக மாவை ஊற்றுவார்களா? தேய்த்துக் கழுவி, எண்ணெய் தடவி, வெங்காயத்தால் நாலு தேய் தேய்த்துப் பழக்கிய பிறகுதான் முதல் தோசை. ஆனால் லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய 12 போர் (குழல் துளையின் அளவு) துப்பாக்கியைப் பெட்டி பிரித்த கையோடு ரேஞ்சுக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் அப்படிப் போனவன்தான். ஆறு மாதம் கழித்து, குழல் முனையில் திருகியிருக்கும் சோக்கை, அதாவது சிதறும் குண்டுகளின் பரவலைக் கட்டுப்படுத்தும் சின்னக் குழாயை, மாற்றலாம் என்று சாவியைப் போட்டால் அசையவே இல்லை. கோத்தகிரி மழைக்காலம், காய்ந்த மரை, துரு. பழுது பார்ப்பவர் மூன்று நாள் எண்ணெயில் ஊறப்போட்டுத்தான் எடுத்தார். அதன் பல்லெல்லாம் போச்சு.

பறக்கவிடும் களிமண் தட்டைச் சுடுகிற ஓவர் அண்டர் துப்பாக்கியை, அதாவது ஒரு குழலின் மேல் இன்னொரு குழல் இருப்பதை, வைத்துச் சொல்கிறேன். பக்கவாட்டு இரட்டைக்குழலுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

முதல் வேலை, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துப் பூட்டுவது. புதுசுதானே என்று விடாமல், குழல்களில் தோட்டா உட்காரும் இரண்டு அறைகளுக்குள்ளும் கண்ணால் பாருங்கள், விரலை விட்டும் பாருங்கள். அப்படியே துப்பாக்கி எண்ணும் லைசென்ஸில் ஏறியிருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று சரிபார்த்துவிடுங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் பின்னால் அலைய வேண்டியிருக்கும்.

பெட்டிக்குள் குழல், கட்டை, முன்கட்டை என்று மூன்று துண்டாக இருக்கும். குழலைத் தொட்டால் ஆறிப்போன வெல்லப்பாகு மாதிரி விரலில் ஏதோ ஒட்டும். இது ஓட்டத்துக்குப் போட்ட எண்ணெய் இல்லை. கப்பலிலும் குடோனிலும் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசியது. இதை விட்டுவைத்தால் குளிரில் இறுகி, சுடும் ஊசியையும், சுட்ட தோட்டாவை வெளியே தள்ளும் எஜெக்டரையும் மந்தமாக்கும். ஊசி பலமாக அடிக்காது, தோட்டா வெடிக்காது. தோட்டா உட்காரும் அறையில் பிசுக்கு இருந்தால் இன்னொரு கெடுதல்: வெடிக்கும்போது தோட்டாவின் கூடு சுவரைப் பற்றி நிற்காமல் வழுக்கிப் பின்னால் வந்து மோதும்.

வெளியே இருப்பதைப் பழைய பனியன் துணியால் துடைத்துவிடலாம். உள்ளுக்குத் துப்பாக்கிக் கிளீனர் நல்லது. மண்ணெண்ணெயும் வேலை செய்யும், ஆனால் அது இருக்கிற எண்ணெயை எல்லாம் உரித்துவிடும் என்பதால், காயவைத்து உடனே லேசாக எண்ணெய் பூச வேண்டும். மரத்தில் படக்கூடாது. தோட்டா போடும் பக்கமிருந்து துணி மாட்டிய ராடை விட்டு முனை வழியாகத் தள்ளுங்கள். முதல் துணி காப்பிக் கஷாயம் போல வரும், அப்புறம் சாம்பல், அப்புறம் வெள்ளை. என்னுடையதற்கு ஒரு குழலுக்கு 11 துணி ஆனது. எத்தனை உள்ளே போச்சு, எத்தனை வெளியே வந்தது என்று எண்ணிக்கொள்வேன். ஒன்று உள்ளே தங்கிவிட்டால், சுடும்போது குழலே வெடித்துவிடலாம்.

முடித்ததும் குழலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஒளி வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக, கோணல் இல்லாமல் தெரிய வேண்டும். இதை நான் தேவைக்கு மேலேயே பார்ப்பேன், அவ்வளவு அழகு.

குழலின் அடிப்பக்கத்தில் 70 அல்லது 76 என்று பொறித்திருக்கும். அறையின் நீளம், மில்லிமீட்டரில். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தோட்டாப் பெட்டியில் போட்டிருக்கும் நீளம், சுட்டு வாய் விரிந்த பிறகு இருக்கும் நீளம். வாய் மடித்த 76 தோட்டா 70 அறைக்குள் சமர்த்தாக உட்கார்ந்துவிடும். சுட்டதும் விரிய இடம் இல்லாமல் அழுத்தம் ஏறும். 20 போர் தோட்டா வீட்டில் இருந்தால் தனிப் பெட்டியில் வையுங்கள். அது 12ஐ விட ஒல்லி என்பதால், 12 போர் அறையைத் தாண்டி வழுக்கிக் குழலுக்குள் மாட்டிக்கொள்ளும். அதைக் கவனிக்காமல் பின்னால் ஒரு 12 போட்டுச் சுட்டால் குழல் பிளந்துவிடும்.

சோக்கைக் கழற்றுங்கள். அதன் மரையையும் குழலின் மரையையும் துடைத்து, விரலில் தெரியாத அளவுக்கு கிரீஸ் தடவி, கையால் திருகி, கடைசியில் மட்டும் சாவியால் இறுக்குங்கள். சோக் இல்லாமல் ஒரு தோட்டாகூடச் சுடக்கூடாது, மரை போய்விடும்.

இனி எண்ணெய். எங்கள் பக்கத்து எஸ்டேட் வாட்ச்மேன் அண்ணன், "தேங்காய் எண்ணெய் போடுங்க சார், நாங்க அதான் போடுவோம்" என்றார். கோத்தகிரி சமையலறையில் தேங்காய் எண்ணெய் டப்பா பாதி வருஷம் வெண்ணெய்க்கட்டிதான். சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடுகிற பொருளை நுண்ணிய பாகங்களுக்குள் விடலாமா? தையல் மெஷின் எண்ணெய் போதும், எஜெக்டருக்கு ஒரே ஒரு சொட்டு. குழல் மடங்கும் இடத்துக்கும் முன்கட்டையின் இரும்பு உரசும் இடத்துக்கும் அரை அரிசி அளவு கிரீஸ். நெய் ரோஸ்ட்டுக்கு ஊற்றுகிற மாதிரி ஊற்றாதீர்கள். மிச்ச எண்ணெய் கட்டையின் கழுத்துக்குள் இறங்கி, சில வருஷத்தில் மரத்தைக் கறுத்து மெத்தென்று ஆக்கும்.

மூன்று துண்டையும் சேர்த்துப் பூட்டும்போது இறுக்கமாக இருக்கும். பயப்பட வேண்டாம், அறைந்தும் மூட வேண்டாம். துப்பாக்கியைத் திறக்க மேலே உள்ள நெம்புகோல் நடுவுக்கு வராமல் கொஞ்சம் வலப்பக்கம் நிற்கும். புதுசு என்பதற்கு அதுதான் அடையாளம், தேயத் தேய நடுவுக்கு வரும்.

அப்புறம் இரண்டு டம்மி தோட்டாவைப் போட்டு, பாதுகாப்பான பக்கம் நீட்டி விசையை அழுத்துங்கள். ஒரு டிக். இரண்டாவது குழலுக்கு அழுத்தினால் ஒன்றும் நடக்காது. முதல் தடவை பதறிப்போய்க் கடைக்கே போன் போட்டேன். ஒற்றை விசைத் துப்பாக்கிகள் பலவற்றில், முதல் குண்டின் உதைதான் இரண்டாவதைத் தயார் செய்யும். கட்டையின் அடியை உள்ளங்கையால் ஓங்கித் தட்டிவிட்டு மறுபடி அழுத்தினால் இரண்டாவது டிக் கேட்கும். திறக்கும்போது இரண்டு டம்மியும் ஒன்றாகத் துள்ளி வெளியே விழ வேண்டும். சேப்டி போட்டால் விசை வேலை செய்யக்கூடாது.

தொட்ட இடமெல்லாம் எண்ணெய்த் துணியால் ஒரு துடை துடைத்து, அலமாரியில் முனை கீழே இருக்கும்படி, அடியில் செய்தித்தாள் போட்டு நிறுத்துங்கள். பஞ்சு வைத்த கவருக்குள் வைத்தே விட்டுவிட்டால் அது ஈரத்தை உறிஞ்சித் துருவைக் கொடுக்கும். மறுநாள் செய்தித்தாளில் எண்ணெய் வட்டம் இருந்தால், அதிகமாகப் போட்டுவிட்டீர்கள்.

ரேஞ்சுக்குப் போகும் அன்று காலை, குழலுக்குள்ளும் தோட்டா அறைக்குள்ளும் காய்ந்த துணியை ஒரு தடவை ஓட்டுங்கள். கண்ணாடி, காது அடைப்பான் மறக்க வேண்டாம். முதல் 25 தட்டு முடிந்ததும், துப்பாக்கியைக் காலி செய்து திறந்து வைத்துக்கொண்டு, சோக்கைச் சாவியால் தொட்டுப் பாருங்கள். எனக்கு ஒரு தடவை கால் சுற்று தளர்ந்திருந்தது.