லொறி கழுவ ஆளைக் கூப்பிட முதல்

நாலைந்து லொறி வைத்திருப்பவர்கள் ஒவ்வொன்றாகச் சேர்விஸ் ஸ்டேஷனுக்கு அனுப்பி மினக்கெடுவதைவிட, கழுவுகிறவர்களை இடத்துக்கே கூப்பிடுவது நல்லது. கூப்பிடும்போது முதலில் தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள். மட்டக்களப்புக் கரையோரக் கிணறுகள் பலவற்றில் உவர்த்தண்ணீர்தான். அதால் கழுவினால் மேலே பளபளக்கும், அடியில் சேஸி (லொறியின் அடிச்சட்டம்) துருப்பிடிக்கும். நல்ல தண்ணீர் பௌசரில் (தண்ணீர்த் தாங்கி வண்டியில்) கொண்டு வருவார்களா என்று உறுதிப்படுத்துங்கள்.

வாழைச்சேனையில் மீன் ஏற்றும் லொறி என்றால் இன்னும் கவனம். ஐஸ் உருகி உப்போடு வடிகிற தண்ணீர் பலகை இடுக்கிலும் சேஸியிலும் தங்கும். மீன் இறக்கிய அன்றைக்கே அடிப்பக்கத்தைக் கழுவுவது, கிழமைக்கொரு தரம் முழு லொறியையும் தேய்ப்பதைவிட மேல். வயல் சேறு அப்படியில்லை, ஊறவிட்டுக் கழுவலாம்.

பிரஷர் கன்னை ரேடியேட்டர், ஓல்டர்னேட்டர் (பற்றரியைச் சார்ஜ் பண்ணும் கருவி), வயர் இணைப்புகளுக்குக் கிட்டப் பிடிக்க விடாதீர்கள். உச்சி வெயிலில் சவர்க்காரம் போட்டால் காய்ந்து கறையாகிவிடும், காலையில் வரச் சொல்லுங்கள். கழுவிய எண்ணெய்த் தண்ணீர் வாவிக்கோ வாய்க்காலுக்கோ ஓடக்கூடாது. கழுவும் இடத்தைத் தெரிவுசெய்யும்போதே இதைப் பாருங்கள். கழுவி முடிந்ததும் மெதுவாக ஓட்டி, பிரேக்கை இரண்டு மூன்று தரம் மிதித்துக் காயவைத்த பிறகே றோட்டில் ஏற்றுங்கள்.