மெழுகுவர்த்தி அணைந்ததும் தண்ணீர் ஏன் ஏறுகிறது?

தட்டின் நடுவே 4 செ.மீ. உயர மெழுகுவர்த்தி ஒன்றை, உருகிய மெழுகு விட்டு ஒட்டுங்கள். 1 செ.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றி, இரண்டு சொட்டு நீல மை கலக்கலாம். மெழுகுவர்த்திக்கு இருபுறமும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை வையுங்கள். பிறகு கவிழ்க்கப்போகும் டம்ளரின் விளிம்பு அவற்றின் மேல்தான் உட்கார வேண்டும். தட்டோடு ஒட்டி உட்கார்ந்தால் தண்ணீர் உள்ளே போக வழியிருக்காது. திரியை ஏற்றி, உயரமான கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து மூடுங்கள். பிளாஸ்டிக் டம்ளர் வேண்டாம், உருகிவிடும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

சில நொடிகளில் சுடர் அணையும். அதன் பிறகுதான் தண்ணீர் விறுவிறுவென்று ஏறும்.

'ஆக்சிஜன் தீர்ந்த இடத்தைத் தண்ணீர் நிரப்புகிறது' என்று பலரும் சொல்லிக்கொடுப்பது சரியல்ல. அப்படியானால் சுடர் எரியும்போதே தண்ணீர் சீராக ஏற வேண்டுமே! எரியும்போது தீரும் ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கரியமில வாயுவும் நீராவியும் உண்டாகின்றன. முக்கியக் காரணம் சூடு. சூட்டில் விரிந்த காற்றில் கொஞ்சம், மூடும்போதே வெளியேறிவிடும். விளிம்போரம் குமிழிகள் வருகிறதா என்று உற்றுப் பாருங்கள். சுடர் அணைந்து மிச்சக் காற்று குளிரும்போது உள்ளே அழுத்தம் குறையும்; வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளும்.

சந்தேகமா? அதே டம்ளருக்குள் மூன்று மெழுகுவர்த்திகளை ஏற்றிப் பாருங்கள். ஆக்சிஜன் அதே அளவுதான், தண்ணீரோ இன்னும் உயரமாக ஏறும். ஏறிய தண்ணீர் மெல்ல இறங்கினால், தட்டில் தண்ணீர் போதாமல் விளிம்பு வழியே காற்று புகுந்திருக்கும்.