கரண்ட் போனதும் வந்த செய்தி: எல்இடி வெளிச்சத்தில் டேட்டா அனுப்புவது எப்படி

டேட்டா என்பது 1, 0 என்கிற பிட்டுகளின் வரிசைதான். 1 என்றால் எல்இடியை எரி, 0 என்றால் அணை. ஆன்-ஆஃப் கீயிங் என்கிற இந்த முறையில்தான் எல்லாரும் ஆரம்பிப்பார்கள், நானும் அப்படித்தான். வீட்டு மேஜையில் அருமையாக ஓடியதை சோமனூரில் பெரியப்பாவின் தறிக்குடோனுக்குக் கொண்டுபோனேன், வந்ததெல்லாம் குப்பை எழுத்து. "ஏந்தம்பி, லைட்டு இப்படிச் சிமிட்டுது, போயிருச்சா?" என்று அவர் வேறு. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. தறி நின்றது, டியூப் லைட் அணைந்தது, பேட்டரியில் ஓடிய என் எல்இடி-ரிசீவர் செட்டில் மட்டும் செய்தி சுத்தமாக வந்து விழுந்தது.

காரணம் இதுதான்: நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், சோக் போட்ட டியூப் லைட் விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். வரிசையாக 0 வந்தால் நம் சிக்னலும் அதே அளவுக்கு மெதுவாகிவிடுவதால், எது டேட்டா எது டியூப் லைட் என்று ரிசீவருக்குத் தெரியாது.

அதனால் மான்செஸ்டர் கோடிங் போடுங்கள். ஒவ்வொரு பிட்டுக்கும் நடுவில் வெளிச்சம் கட்டாயம் மாறும், அதனால் வரிசையாக 0 வந்தாலும் சிக்னல் மெதுவாகாது. ஏறுவது 1, இறங்குவது 0 என்றோ தலைகீழாகவோ வைக்கலாம், அதை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வைத்தால் சரி. வேகம் பாதியாகும், போகட்டும். விநாடிக்கு 5000 பிட், அதாவது அரை பிட்டுக்கு 100 மைக்ரோ விநாடி, ஆர்டுயினோ (புரோகிராம் எழுதி ஓட்டும் சின்ன போர்டு) தாராளமாகத் தாங்கும்.

எல்இடியை டிரான்சிஸ்டர் வழியாக ஓட்டுங்கள். ரிசீவருக்கு, வெளிச்சத்தைக் கரண்டாக மாற்றும் பிபிடபிள்யூ34 போட்டோடையோடு. எல்டிஆர் (வெளிச்சத்துக்கேற்ப மாறும் ரெசிஸ்டர்) வேண்டாம், அது ரொம்ப மந்தம். போட்டோடையோடின் சிக்னலை 0.01 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் வழியாக எடுத்து, 15 கிலோ ஓம் ரெசிஸ்டரைப் சப்ளையின் பாதி வோல்டேஜுக்குக் கட்டி, கம்பேரேட்டருக்கு (இரண்டு வோல்டேஜில் எது அதிகம் என்று சொல்லும் சிப்) கொடுங்கள். சுமார் 1 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பது மங்கிவிடும், டியூப் லைட் தொல்லை பத்தில் ஒரு பங்காகும். ஆனால் நேர் வெயில் பட்டால் டையோடே திக்குமுக்காடிப்போகும், அதற்குக் கெபாசிட்டர் மருந்தில்லை. காலி நூல் கோனுக்கு உள்ளே கறுப்பு அடித்து மூடியாக மாட்டினேன், பிரமாதம்.

பேட்டரி மிச்சமாக வேண்டுமா? பிபிஎம் என்று ஒரு முறை உண்டு: நேரத்தை நாலு கட்டமாகப் பிரித்து ஒன்றில் மட்டும் எரியவிடுவது, எந்தக் கட்டம் என்பதே 2 பிட். இரண்டு பக்கக் கடிகாரமும் கொஞ்சம் விலகினாலும் போச்சு. லை-ஃபையில் (வெளிச்சம் வழியாக நெட்) பேசப்படும் ஓஎஃப்டிஎம், அதாவது டேட்டாவைப் பல அலைவரிசைகளில் பிரித்து அனுப்புவது, ஆர்டுயினோ வேலையல்ல, இப்போதைக்கு விடுங்கள்.

அப்புறம், தறிக்குடோனில் வைப்பதென்றால் தினமும் காலையில் டையோடைத் துடையுங்கள். பஞ்சு படிந்ததைக் கவனிக்காமல் ஒரு நாள் முழுக்க புரோகிராமைத் திருத்திக்கொண்டிருந்தேன்.