பினாங்கில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் ஆசையாகச் செய்யும் தவறுகள்

சைக்கிளைக் கண்டுகொள்ளாமல் போட்டு வைப்பதால் வரும் கோளாறு ஒரு பக்கம் இருக்கட்டும். நான் பார்த்தவரை, ஆசை மிகுந்து எதையாவது செய்து வைப்பதால் வருவதுதான் அதிகம். புதிதாக வாங்கிய ஜோரில் எண்ணெயைக் கொட்டுவது, காற்றைக் கல் மாதிரி அடிப்பது, கார் கழுவும் இடத்தில் கொண்டுபோய்த் தண்ணீரைப் பீய்ச்சுவது, தூரத்தில் ஆள் தெரிந்தாலே மணியை விடாமல் அடிப்பது. இதில் முக்கால்வாசியை நானே செய்திருக்கிறேன். அதனால் யாரையும் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை, ஆனாலும் சொல்லத்தான் போகிறேன்.

முதலில் செயின். எனக்கு வீடு கெலுகோர் பக்கம், காலையில் கடலோர சைக்கிள் பாதையில் குவீன்ஸ்பே வரை போய்த் திரும்புவது வழக்கம். கடல் காற்றில் இருக்கும் உப்பு சும்மா இருக்காது. மழையில் நனைந்த சைக்கிளை ஒரு ராத்திரி அப்படியே நிறுத்திவிட்டால், மறுநாள் செயினில் செம்பழுப்பாகத் துரு பூத்திருக்கும். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள், சைக்கிள் விஷயத்தில் உப்பு பட்டதுதான் குப்பைக்குப் போகிறது. ஒருநாள் அந்தத் துருவைப் பார்த்துப் பதறி, வீட்டில் கிடந்த டபிள்யூடி-40 ஸ்பிரே டப்பாவை எடுத்து, செயின், பல்சக்கரம், பின்சக்கரம் என்று ஓர் இடம் விடாமல் அடித்தேன். கிரீச் சத்தம் நின்றுபோனது, பெரிய மெக்கானிக் ஆகிவிட்ட நினைப்பில் தூங்கிவிட்டேன். மறுநாள் காலை சிக்னலில் பின் பிரேக்கைப் பிடித்தால் சைக்கிள் நிற்கவில்லை, ஈய்ய் என்று கத்திக்கொண்டே கோட்டைத் தாண்டிப் போய் நின்றது. என்னுடையது டிஸ்க் பிரேக், அடித்த எண்ணெயில் பாதி அந்தத் தட்டில்தான் படிந்திருக்கிறது.

தட்டை ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் சுத்தமாகிவிடும். பிரேக் கட்டை எண்ணெயைக் குடித்துவிட்டால் பெரும்பாலும் மாற்ற வேண்டியதுதான். நானும் மாற்றினேன்.

அந்த டப்பா கெட்டது என்று சொல்ல வரவில்லை. தண்ணீரை வெளியே தள்ளும், இறுகிய துருவை இளக்கும், அதற்கு அது நல்ல சாமான். ஆனால் செயினுக்குள் இருக்கிற பழைய எண்ணெயையும் கரைத்து வெளியே கொண்டுவந்துவிடும், அதன் இடத்தில் தானும் ரொம்ப நாள் நிற்காது. செயினுக்கென்று தனி எண்ணெய் விற்கிறார்கள், வெயிலுக்கு ஒன்று, மழைக்கு ஒன்று. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் சாயங்காலமானால் கொட்டித் தீர்க்கும் ஊரில் மழை எண்ணெய்தான் தாக்குப்பிடிக்கும், என்ன, மண்ணை இழுத்துக்கொள்ளும், அடிக்கடி துடைக்க வேண்டும். பழைய கைலித் துணி ஒன்று போதும். செயினைத் துணிக்குள் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்னோக்கிச் சுற்றினால் கறுப்பாகக் கழன்று வரும். அப்புறம் ஒவ்வொரு உருளையிலும் ஒரே ஒரு சொட்டு, பத்து நிமிடம் பொறுத்து மறுபடி துணியால் வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்துவிட வேண்டும். நிறையப் பேர் இந்தக் கடைசி வேலையைச் செய்வதில்லை, போட்ட எண்ணெயைத் துடைக்க மனசு வராது. எண்ணெய்க்கு வேலை உருளைக்கு உள்ளே. வெளியே பளபளப்பது மண்ணுக்கு வைத்த விருந்து, அந்த மண்ணே உப்புத்தாள் மாதிரி செயினைத் தேய்க்கும்.

தேய்ந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள கருவி எதுவும் வாங்க வேண்டாம். ஜெலுத்தோங்கில் ஒரு வயதான சீன அங்கிள், பள்ளிப் பிள்ளை வைத்திருக்கிற ஸ்டீல் ரூலரை வைத்துத்தான் எனக்குக் காட்டினார். செயின் கண்ணிகளை இணைக்கும் ஓர் ஆணியின் நடுவில் ரூலரின் சுழியை வைத்துவிட்டு, அதிலிருந்து 24 ஆணி தள்ளி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். புதுச் செயினில் சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளிப் போயிருந்தால் செயினை மாற்றும் நேரம். எட்டில் ஒரு பங்கு போய்விட்டால் பல்சக்கரமும் அதோடு சேர்ந்து தேய்ந்திருக்கும், இரண்டையும் மாற்றினால்தான் ஒத்துப்போகும், செலவு பல மடங்கு. அங்கிள் என் செயினை அளந்துவிட்டு ஒன்றும் பேசவில்லை, ரூலரை என் கையில் கொடுத்து நீயே பார் என்று தலையை ஆட்டினார்.

கழுவுவதைப் பற்றி ரொம்பச் சொல்ல ஒன்றுமில்லை. வாளி, துணி, கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பு. வேகமாகப் பீய்ச்சும் தண்ணீர் சக்கரத்தின் அச்சுக்குள்ளும் பெடல் சுற்றுகிற இடத்துக்குள்ளும் புகுந்து கிரீஸைக் கழுவிவிடும், அது போனது ஒரு மாதம் கழித்து கறகற என்று சத்தம் வரும்போதுதான் தெரியும்.

காற்றுக்கு வருகிறேன். டயரின் பக்கவாட்டில் ஓர் எண் பொறித்திருக்கும், இன்ன பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) அதிகபட்சம் என்று. அதை இலக்கு என்று எடுத்துக்கொண்டு அதுவரை அடித்துவிடுகிறோம். அது எல்லை, அதைத் தாண்டாதே என்கிறது, அவ்வளவுதான். 70 கிலோ ஆள், ஒன்றே முக்கால் அங்குல டயர் என்றால் 45, 50 பிஎஸ்ஐயில் சுகமாகப் போகலாம். கல் மாதிரி அடித்த டயர் ஜார்ஜ்டவுனின் ஒட்டுப்போட்ட ரோட்டில் ஒவ்வொரு குழியையும் உங்கள் முதுகெலும்புக்குச் சொல்லிக்கொண்டே போகும், மழையில் பிடிப்பும் குறைவு. பெட்ரோல் ஸ்டேஷனில் அடிக்கிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மிஷின் காருக்காகச் செய்தது, சைக்கிள் டியூபில் இடம் கொஞ்சம்தான், கண் மூடித் திறப்பதற்குள் ஏறிவிடும். எண் எந்தக் கணக்கில் இருக்கிறது என்றும் பாருங்கள், 240 கிலோபாஸ்கல் என்பது 35 பிஎஸ்ஐ அளவுதான். மெல்லிய வால்வு வைத்த சைக்கிளுக்கு அந்த மூக்கு பொருந்தவே பொருந்தாது, சின்ன அடாப்டர் ஒன்று தேவை, இரண்டு மூன்று ரிங்கிட்டில் கிடைக்கும்.

பஞ்சர் ஆனால் புது டியூபைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று நினைப்போம். போன வருஷம் கர்பால் சிங் டிரைவ் ஓரத்தில் உட்கார்ந்து, அரை மணி நேரம் வியர்த்து, டியூப் மாற்றி, கையைக் கழுவி, கெத்தாக ஏறினேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, புஸ். பழைய டியூபைக் குத்திய கம்பி டயருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. லாரி டயர் வெடித்துச் சிதறும்போது விழுகிற மெல்லிய எஃகு இழை அது, தலைமுடி கனம்தான், கண்ணுக்குத் தெரியாது. விரலால் தடவித் தேடினால் விரலைக் கிழிக்கும். கொஞ்சம் பஞ்சையோ பழைய துணியையோ டயரின் உட்புறம் முழுக்கச் சுற்றி ஓட்டுங்கள், கம்பி இருக்கிற இடத்தில் நூல் மாட்டிக்கொள்ளும். ஒட்டுப் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: பசை தடவியதும் ஒட்டாதீர்கள், தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயட்டும், அப்புறம் அழுத்துங்கள். ஈரத்தில் ஒட்டியது வெயிலில் உரிந்துவிடும்.

சரி, வீட்டு வேலை போதும், பாதைக்கு வருவோம். கடலோரப் பாதையில் சைக்கிள் மட்டும் போகிறது என்று நினைத்தால் முதல் ஞாயிற்றுக்கிழமையே தெளிந்துவிடும். நடக்கிறவர்கள், ஓடுகிறவர்கள், இன்றுதான் பழகுகிற பிள்ளை, அதன் பின்னால் குனிந்தபடி ஓடும் அப்பா, தூண்டிலைப் பின்னால் ஓங்கி வீசும் மீன்பிடிக்காரர்கள், சில நேரம் குறுக்கு வழி தேடி வந்த மோட்டார் சைக்கிள்கூட. இங்கே நான் செய்த பெரிய தப்பு மணி. பக்கத்தில் போய் அடித்தால்தானே கேட்கும் என்று முதுகுக்குப் பின்னால் இரண்டு மீட்டரில் அடிப்பேன். ஒருநாள் ஓர் ஆன்ட்டி துள்ளி விழுந்து, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "என்னா தம்பி, உயிரை எடுக்கவா மணி அடிக்கிற?" என்றார். மன்னிப்புக் கேட்டேன். இப்போது பத்துப் பதினைந்து மீட்டர் முன்னாலேயே மெதுவாக இரண்டு தடவை, அப்புறம் வேகத்தைக் குறைப்பது. நல்லெண்ணத்தில் "ரைட் சைடு!" என்று கத்துகிறவர்களும் உண்டு, கேட்கிறவர் பதற்றத்தில் சரியாக வலது பக்கமே பாய்வார். நீங்கள் வலப்பக்கம் தாண்டப்போவது உங்களுக்குத்தான் தெரியும், அவர் காதில் விழுந்தது ஒரு திசை மட்டுமே. தூண்டில்காரர் பின்னால் போகும்போது அவர் கை ஓங்கியிருக்கிறதா என்று பாருங்கள், ஓங்கியிருந்தால் நின்றுவிடுங்கள், தூண்டில் முள்ளுக்கு ஹெல்மெட் தெரியாது.

விளக்கும் இதே கதைதான். இங்கே பெரும்பாலும் ஏழு மணி தாண்டித்தான் வெளிச்சம் வரும், ஆறரைக்குக் கிளம்புகிறவருக்கு விளக்கு கட்டாயம் வேண்டும். அதற்காக ஆயிரம் லூமென் விளக்கை நேராக வைத்து, அதையும் மினுக்க விட்டு வந்தால், எதிரே வருகிறவருக்கு அடுத்த பத்து நொடிக்கு ஒன்றும் தெரியாது. அவர் மோதப்போவதும் உங்கள் மேல்தான். ஐந்தாறு மீட்டர் முன்னால் தரையில் விழுகிற மாதிரி சாய்த்துவிட்டால் போதும்.

ரோட்டில் அதிக ஜாக்கிரதையே ஆபத்தாகிறது. ஓரமாப் போ, ஓரமாப் போ என்று அம்மாமார்கள் சொல்லி வளர்ந்தவர்கள் நாம், அதனால் லோங்காங்கை, அதாவது ரோட்டோரச் சாக்கடையை, ஒட்டி ஓட்டுவோம். கண்ணாடித் துண்டும் மணலும் ஒதுங்குவது அங்கேதான். சாக்கடை மூடியின் கம்பிகள் போகிற திசையிலேயே நீளமாக இருந்தால் மெல்லிய டயர் உள்ளே இறங்கிவிடும். பத்தாததற்கு, ஓரமாகப் போகப் போக, இடம் இருக்கிறதே என்று கார்க்காரர் உரசிக்கொண்டு தாண்டுவார். ஒரு மீட்டர் உள்ளே தள்ளி, நேர்கோட்டில் ஓட்டினால் அவர் ஒழுங்காக ஒதுங்கித் தாண்டுவார், ஹார்ன் அடித்தால் அடிக்கட்டும். நிறுத்தியிருக்கும் கார் வரிசையிலும் அதே ஒரு மீட்டர்தான். நம் ஊரில் டிரைவர் வலப்பக்கம் உட்காருகிறார், கதவு திறப்பது நேராக உங்கள் முகத்துக்கு. எதிரே வருவது கண்ணுக்குத் தெரியட்டும் என்று ஒன்வேயில் எதிர்த் திசையில் ஓட்டுகிற புத்திசாலிகளும் இருக்கிறார்கள். சந்தியில் திரும்புகிற கார்க்காரர் அந்தப் பக்கம் பார்க்கவே மாட்டார் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

லிட்டில் இந்தியாவில், அதுவும் தீபாவளிக்கு முந்தின வாரங்களில், லெபோ பாசார் தெருவில் ஓட்டிப் பார்க்காதீர்கள், இறங்கித் தள்ளுங்கள். கடைகளுக்கு முன்னால் கூரையோடு இருக்கும் நடைபாதையான அஞ்சடிக்குள் ஏற்றி ஓட்டுவதும் வேண்டாம், கடைக்குள்ளிருந்து பூக்கூடையோடு வெளியே வருகிறவருக்கு நீங்கள் வருவது தெரியாது. ஆர்மீனியன் ஸ்ட்ரீட்டில் வேறு வகை ஆபத்து. நிஜ சைக்கிள் ஒன்றைச் சுவரில் பொருத்தி 2012-ல் வரைந்த அந்த ஓவியத்துக்கு முன்னால், போட்டோ எடுக்கிறவர் கேமராவைப் பார்த்துக்கொண்டே பின்னால் பின்னால் நடந்து ரோட்டுக்கே வந்துவிடுவார். சுவரில் இருக்கும் சைக்கிளைப் பார்க்கிற மும்முரத்தில் உங்கள் சைக்கிள் அவர் கண்ணில் படாது.

கடலுக்கு அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் போக வேண்டும் என்றால் படகுதான். போன் மேப் காட்டுகிறதே என்று பாலத்தில் ஏறப் பார்க்காதீர்கள், சாதாரண நாளில் அங்கே சைக்கிளுக்கு அனுமதி இல்லை.

துன் சார்டோன் மலைச் சாலையில் ஏறி பாலிக் புலாவ் இறங்குகிறவர்கள் பிரேக்கை விடாமல் பிடித்தபடியே வருவார்கள், பயம்தான் காரணம். கட்டையும் ரிம்மும் சூடேறி, கடைசி வளைவில் பிடிப்பு குறைந்து நிற்கும். வளைவுக்கு முன்னால் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவில் விட்டுவிடுங்கள், இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள். ரிம் பிரேக் வைத்திருப்பவர்கள் மழையில் இன்னும் முன்னாலேயே பிடிக்க வேண்டும், முதல் சுற்று தண்ணீரைத் துடைப்பதற்கே போய்விடும். ஜூன், ஜூலையில் அங்கே டுரியான் சாப்பிட்டுவிட்டு அதே மலையில் திரும்பி ஏறலாம் என்று நினைப்பதையும் தவறுகளில் சேர்க்கலாம், நான் இரண்டு தடவை நினைத்திருக்கிறேன்.

கடைசியாக பெடல். இடது பெடலின் மரை மற்றதற்கு நேர் எதிர், கழற்ற வேண்டுமானால் கடிகார முள் சுற்றுகிற பக்கம் திருப்ப வேண்டும். இது தெரியாமல் நானும் பக்கத்து வீட்டு அண்ணனும் ஒரு சனிக்கிழமை மத்தியானம் முழுக்க ஸ்பேனரில் மாறி மாறித் தொங்கினோம். துரு பிடித்திருக்கு, இன்னும் பலமா இழு என்றார் அவர். இருவருமாகச் சேர்ந்து அதை வாழ்நாளுக்கும் இறுக்கிவிட்டோம். வலது பக்கம் புதுப் பெடல் வந்துவிட்டது, இடது பக்கம் இன்னும் அந்தப் பழையதுதான்.