பிக்கப் வண்டியில் கூரை தூக்கும் கேம்பர்: மலைக்கு ஏற்றபடி அமைப்பது எப்படி

பிக்கப்பின் தொட்டிக்குள் இறக்கி வைத்து, உள்ளே படுத்துத் தூங்கும் பெட்டிதான் கேம்பர். அதில் இரண்டு வகை உண்டு. முழு உயரத்துக்கும் கெட்டிச் சுவர் வைத்தது ஒன்று. ஓடும்போது கூரை படிந்திருக்க, நிறுத்திய பிறகு கூரையைத் தூக்கினால் நடுவில் கேன்வாஸ் சுவர் விரிவது இன்னொன்று. நீலகிரியில் வண்டி வைத்திருப்பவர் கேட்டால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். கேத்தி பாலாடாவில் காரட் கழுவி மூட்டை கட்டி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்கியே வயதில் பாதி போனது எனக்கு. மூட்டை இரண்டு அடுக்கு உயர்ந்தால் குன்னூர் மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டி எப்படிச் சாயும் என்று உடம்புக்கே தெரியும். கூரை படிந்த கேம்பர் கேபினுக்குச் சற்று மேலே நின்றுவிடும். எஸ்டேட் சாலையில் தாழ்ந்து நிற்கும் சில்வர் ஓக் கிளையும் உரசாது.

இந்த வகையைக் கெடுப்பது குளிர் இல்லை, ஈரம். குளிருக்கு இரண்டு கம்பளி போதும். கேன்வாஸுக்குள் ஏறிய ஈரம் மெத்தையையும் பிளைவுட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். அதனால் எடையைக் கீழே வைப்பது, உள்ளே காற்று ஓட விடுவது, இந்த இரண்டையும் மனதில் வைத்துத்தான் ஒவ்வொரு சாமானையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் ஆர்.சி. புத்தகத்தை எடுங்கள். அதில் மொத்த எடை இருக்கும், வெற்று எடை இருக்கும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் வருவது வண்டி சுமக்கக்கூடிய பாரம். ஓட்டுநர், கூட வருபவர், தண்ணீர், ஸ்டெப்னி, அரிசி பருப்பு எல்லாம் அந்தக் கணக்கில்தான் சேரும். நான் அதில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்ட விடுவதில்லை. சமவெளியில் முழுப் பாரம் ஏற்றி ஓடலாம். மலை இறக்கத்தில் பிரேக் சூடாகும்போதுதான் அந்த மீதி ஒரு பங்கின் அருமை தெரியும்.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவதற்குக் கட்டுப்பாடு போடுகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொன்னது. ஆகவே தொட்டியை அறுப்பது, சேஸிஸை நீட்டுவது, கேபினின் பின்சுவரைத் திறப்பது எதுவும் வேண்டாம். கழற்றி இறக்கக்கூடிய பெட்டியாகச் செய்யுங்கள். வேலையைத் தொடங்கும் முன் படத்தோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஓடும்போது பின்னால் யாரும் உட்காரக் கூடாது, குழந்தையானாலும் சரி. பெட்டி பக்கவாட்டிலோ பின்னாலோ தொட்டியைத் தாண்டித் துருத்தவும் கூடாது.

என் வண்டித் தொட்டி எட்டரை அடி நீளம், ஐந்தரை அடி அகலம். இதற்குச் சட்டகம் அலுமினியச் சதுரக் குழாயில்தான் செய்ய வேண்டும். கோவை கணபதியில் ஒரு பட்டறையில் இரும்புச் சட்டகத்துக்கு அளவு கொடுத்தபோது அங்கிருந்த வெல்டர் தம்பி, "ஏனுங்ணா, வீடு கட்டறீங்களா, வண்டி கட்டறீங்களா?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். இரும்பென்றால் மேலே உட்காரும் எடை ஏறக்குறைய இரட்டிப்பாகும். சுவருக்கு இரண்டு பக்கமும் மெல்லிய அலுமினியத் தகடு, நடுவில் குளிர் தடுக்கும் கெட்டி நுரைப்பலகையான எக்ஸ்.பி.எஸ். ஃபோம் ஒரு அங்குலம். தரைக்கு மட்டும் 12 மில்லி மெரைன் பிளைவுட். அதன் அறுத்த ஓரங்களுக்கு எபாக்ஸி பூசாமல் விடாதீர்கள், தண்ணீர் ஏறுவது அந்த ஓரத்தில்தான். அலுமினியக் குழாய் உள்பக்கம் தெரிகிற இடத்திலெல்லாம் ஃபோம் டேப் ஒட்டுங்கள். ஒட்டாத குழாயில் விடியற்காலையில் பனி கோத்துத் தலையில் சொட்டும்.

பெட்டிக்கு அடியில் முழுதும் ரப்பர் பாய் விரித்து, நான்கு மூலையிலும் டர்ன்பக்கிள் (முறுக்கி இறுக்கும் கொக்கி) போட்டு இறுக்க வேண்டும். கொக்கியைத் தொட்டியின் தகட்டில் மாட்டினால் மேடு பள்ளத்தில் தகடு கிழிந்து வரும். சேஸிஸில் ஏற்கனவே உள்ள போல்ட் துளைகளில் பிராக்கெட் வைத்து அதில் மாட்டுங்கள். புதிதாக வெல்டிங் வேண்டாம். முதல் ஐம்பது கிலோமீட்டரில் எப்படியும் தளரும். நிறுத்தி மறுபடி முறுக்குங்கள்.

கூரை தூக்குவதுதான் எல்லோரும் அதிகம் குழம்பும் இடம். மோட்டார் ஆக்சுவேட்டர் உண்டு, கைப்பிடி சுற்றுவது உண்டு, வாயு நிரப்பிய தண்டான கேஸ் ஸ்ட்ரட் உண்டு. மோட்டார் வசதிதான். ஆனால் மழையில் ஒயர் மக்கர் செய்தால் படுக்கவும் முடியாது, கூரையை இறக்கி வண்டியை எடுக்கவும் முடியாது. நான் கத்திரி மடிப்புக் கால்களோடு கேஸ் ஸ்ட்ரட் வைத்திருக்கிறேன். ஸ்ட்ரட்டின் பலம் நியூட்டனில் எழுதியிருக்கும். தோராயமாகப் பத்து நியூட்டன் ஒரு கிலோ. உள்ளே இருப்பது அழுத்திய வாயு என்பதால் குளிரில் பலம் குறையும். மேட்டுப்பாளையத்தில் 35 டிகிரியில் தானாக எழும் கூரை, ஊட்டியில் ஐந்து டிகிரி காலையில் பத்தில் ஒரு பங்கு பலம் குறைந்து பாதியில் நிற்கும். பட்டறைக்காரர் கோவை வெயிலில் சோதித்து "சூப்பரா ஏறுதுங்ணா" என்பார், நம்ப வேண்டாம். கொஞ்சம் கூடுதல் பலம் உள்ளதை வாங்கி, இறக்குவதற்கு உள்ளிருந்து இழுக்கிற பட்டை ஒன்று வையுங்கள். தூக்கிய பிறகு நான்கு காலிலும் பூட்டு ஊசி போடாமல் படுக்கவே கூடாது. கூரைமேல் எதையும் கட்டாதீர்கள், சோலார் தகடு ஒன்றைத் தவிர.

கேன்வாஸுக்கு வருவோம். லாரி மூடும் பி.வி.சி. தார்ப்பாய் மலிவு, மழைக்கும் கெட்டி. ஆனால் அது மூச்சு விடாது. இரண்டு பேர் தூங்கினால் இரவில் விடும் மூச்சிலேயே ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் வெளிவரும், அத்தனையும் உள்சுவரில் வழியும். பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த கேன்வாஸ் எடை கூடுதல், காய நேரம் பிடிக்கும், விலையும் கடிக்கும். இருந்தாலும் அதைத்தான் போட வேண்டும். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகளைச் சுற்றித் தார்ப்பாய் தைப்பவர்கள் இருக்கிறார்கள்; தடிமனான துணியில் இரட்டைத் தையல் அவர்களுக்குக் கைவந்த வேலை. ஜன்னலுக்குக் கொசுவலைத் துணி கரூரில் மீட்டர் கணக்கில் வாங்கலாம். தைத்த கோட்டிலெல்லாம் உள்ளிருந்து தையல் துளையை அடைக்கும் பசையான சீம் சீலர் தடவுங்கள். உள்பக்கம் பட்டனில் மாட்டிக் கழற்றும் மெல்லிய ரஜாய் ஒன்று தைத்துக்கொண்டால் டிசம்பர் ஜனவரி உறைபனிக்குப் போதும்.

கீழே ஒன்று, மேலே ஒன்று என்று இரண்டு காற்றுத் துளைகள் எந்தக் குளிரிலும் திறந்தே இருக்க வேண்டும். எங்க வீட்டம்மாவுக்கு இது பிடிக்காது. துணி வைத்து அடைப்பார், நான் எடுப்பேன். மெத்தைக்கு அடியில் தட்டையான பலகை வைத்தால் சில நாட்களில் அடிப்பக்கம் கரும்புள்ளி விழும். பட்டைப் பட்டையாக இடைவெளி விட்டுப் பலகை அடித்து, மேலே ஒரு தென்னை நார் விரிப்பு, அதற்கு மேல் மெத்தை. நாருக்குள் காற்று ஓடும். நனைந்த கேன்வாஸை மடித்து மூட நேர்ந்தால் அன்றைக்கே வேறிடத்தில் விரித்துக் காய விடுங்கள்.

மழைக் கணக்கும் இதில் சேர்த்தி. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், தேவாலா, அவலாஞ்சிப் பக்கம் கொட்டும்; அப்போது கோத்தகிரிப் பக்கம் நிறுத்தினால் ஓரளவு தப்பலாம். அக்டோபரிலிருந்து வடகிழக்கு. அதில் குன்னூரும் கோத்தகிரியும்தான் நனையும், மண்ணும் சரியும். மண் வெட்டிய சரிவுக்குக் கீழே இரவு நிறுத்தவே கூடாது.

மின்சாரத்துக்கு 100 ஆம்ப்-அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்று போதும். பன்னிரண்டு கிலோவுக்குள் இருக்கும், 1,280 வாட்-அவர் பிடிக்கும். வீட்டு இன்வெர்ட்டரின் டியூபுலர் பேட்டரி ஐம்பது கிலோவுக்கு மேல் போகும், அதிலும் பாதியைத்தான் பயமில்லாமல் எடுக்கலாம். லித்தியத்தை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. தலைக்குந்தாவில் புல் வெள்ளையாகிக் கிடக்கும் காலையில் சோலார் தகடு வெயில் பட்டவுடன் சார்ஜைத் தள்ளும். அதனால் குளிரில் சார்ஜைத் தானே துண்டிக்கும் பி.எம்.எஸ். (பேட்டரியைக் காக்கும் மின்சுற்று) உள்ளதை வாங்கி, பெட்டிக்குள் பெஞ்சுக்கு அடியில் வையுங்கள். மஞ்சு மூடிய வாரத்தில் சோலாரை நம்பிப் பயனில்லை. ஓடும் வண்டியின் ஆல்டர்னேட்டரிலிருந்து 20 ஆம்ப் டிசி-டிசி சார்ஜர் (மின்சாரத்தை அளவாக விடும் கருவி) வழியாக ஏற்றினால் நான்கு மணி நேர ஓட்டத்தில் முக்கால் பேட்டரி நிறையும். சார்ஜர் இல்லாமல் நேரடியாக ஒயர் இழுக்காதீர்கள், லித்தியம் இழுக்கிற இழுப்பில் ஆல்டர்னேட்டர் சூடாகிப் போகும். வண்டி பேட்டரி, கேம்பர் பேட்டரி இரண்டின் பக்கமும் ஒரு சாணுக்குள் ஃபியூஸ் வேண்டும். ஃப்ரிட்ஜ்? மலைக்குள் மட்டும் சுற்றுபவருக்கு வீண் செலவு. மைசூர் தாண்டிச் சமவெளியில் நாட்கணக்கில் ஓடுபவர் வாங்கட்டும்.

அடுப்பு: ஐந்து கிலோ சிலிண்டர், ஒற்றைப் பர்னர், ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ட்யூப். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே சிலிண்டருக்குத் தனி அறை, அதன் அடியில் வெளியே திறக்கும் துளை. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்பு வேகாது. சின்ன பிரஷர் குக்கர் இல்லாமல் ஏறாதீர்கள். சமையலை முடிந்தவரை வெளியே, பக்கவாட்டுப் பந்தலுக்குக் கீழே வையுங்கள். உள்ளே கொதிக்கும் ஒவ்வொரு டம்ளர் தண்ணீரும் கேன்வாஸுக்குத்தான் போய்ச் சேரும்.

சூட்டுக்கு டீசல் ஹீட்டர், இரண்டு கிலோவாட் போதும். உயரத்தில் காற்று மெலிவு என்பதால் டீசல் சரியாக எரியாமல் கரி படியும். பம்ப் வேகத்தைக் குறைக்கும் வசதி உள்ளதாகப் பாருங்கள். அணைக்கும் முன் கால் மணி நேரம் முழு வேகத்தில் ஓட விடுங்கள். புகைக்குழாயின் வாய் ஜன்னலுக்கும் காற்றுத் துளைக்கும் எதிர்ப்பக்கம் இருக்கட்டும். உள்ளே கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். கரிச்சட்டியைக் கூடாரத்துக்குள் வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழாத கதை மலையில் எல்லோரும் கேட்டதுதான். பெட்டிக்குள் கரி கூடவே கூடாது.

தண்ணீருக்கு 40 லிட்டர் தொட்டி, பின் அச்சுக்கு முன்னால், தரையோடு ஒட்டி. கழுவிய தண்ணீருக்கு இருபது லிட்டர் கேன் தனியாக. ஓடையில் ஊற்றாதீர்கள், கீழே அதைத்தான் யாரோ குடிக்கிறார்கள்.

எல்லாம் ஏற்றி முடித்ததும் எடை மேடைக்குப் போங்கள். மேட்டுப்பாளையம் மண்டிகள் பக்கம் கிடைக்கும். முதலில் முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு சீட்டு, பிறகு முழு வண்டிக்கு ஒரு சீட்டு. காலி வண்டியில் இருந்ததைவிட முன் அச்சின் எடை குறைந்திருந்தால் பாரம் பின் அச்சைத் தாண்டிப் போய்விட்டது என்று அர்த்தம். ஏற்றத்தில் ஸ்டியரிங் லேசாகும், நனைந்த வளைவில் முன் சக்கரம் சொன்ன பேச்சு கேட்காது. பேட்டரியையும் தண்ணீரையும் முன்னால் நகர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பின்பக்கம் தொங்கினால் ஸ்ப்ரிங்கில் கூடுதலாக ஒரு ஹெல்பர் பட்டை சேர்க்கலாம். அதனால் ஆர்.சி.யில் உள்ள எடை கூடிவிடாது என்பது நினைவிருக்கட்டும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையின் 36 வளைவுகளை இந்தப் பாரத்தோடு இறங்க முதல் நாளே போகாதீர்கள். கோத்தகிரி, கோடநாடு என்று பழகுங்கள். ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர்.

காட்டுக்குள் நிறுத்தித் தூங்க முடியாது. காப்புக்காட்டில் அனுமதி இல்லை, தெப்பக்காடு வழியாகப் பந்திப்பூர் போகும் சாலை இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை மூடியிருக்கும். தெரிந்தவர் தோட்டம், ஹோம்ஸ்டே வாசல், இவைதான் இடம். வெளி மாவட்ட வண்டியென்றால் நீலகிரிக்குள் வர 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் நீலகிரியில் தடை. சோதனைச்சாவடியில் பையைத் திறந்து பார்ப்பார்கள், எவர்சில்வர் டப்பாவே நல்லது.

தோட்டத்தில் நிறுத்தினாலும் சாப்பாட்டுச் சாமான் கேன்வாஸ் பக்கம் இருக்கக் கூடாது. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் கரடி கோயில் விளக்கு எண்ணெய்க்கே கதவை உடைக்கும். நல்லெண்ணெய், வாழைப்பழம், வெல்லம் எல்லாம் இரவில் கேபினுக்குள் பூட்டுங்கள். குஞ்சப்பனைப் பக்கம் பலாப்பழ காலத்தில் யானை வரும். பலா மரத்தடி எவ்வளவு நிழலாக இருந்தாலும் அங்கே நிறுத்தாதீர்கள், பழத்தை வண்டியில் வாங்கி வைக்கவும் வேண்டாம்.

காரட் அறுவடை வந்தால் எனக்குத் தொட்டி வேண்டும், கேம்பர் இறங்கியாக வேண்டும். நான்கு மூலையிலும் ஜாக்கிக் கால் மாட்டும் பிராக்கெட்டை முதலிலேயே சட்டகத்தோடு சேர்த்து வைத்தால் இரண்டு பேர் அரை மணியில் இறக்கலாம். சிமெண்ட் தரையில் செங்கல் மேல் உட்கார வைத்து, பேட்டரியைப் பாதி சார்ஜில் கழற்றி, தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்து விடுங்கள். வெயில் அடிக்கும் நாளில் கூரையைத் தூக்கி ஒரு பகல் முழுதும் திறந்து வையுங்கள். எலி ஏறாமலிருக்க ஜாக்கிக் கால்களில் தகரக் குடை மாட்டினால் போதும்.