வாழைத்தண்டில் சர்க்கரை எடுக்கப் போகிறீர்களா? வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

ஏத்தன் குலை வெட்டிய பிறகு தோட்டத்தில் சாய்ந்து கிடக்கும் தண்டு, மரச்சீனித் தோல், வைக்கோல், தும்பு ஆலை வாசலில் குவிந்து கிடக்கும் நார்க்கழிவு என்று நம்ம குமரி மாவட்டத்தில் கழிவுக்குப் பஞ்சமே இல்லை. அதைப் பூஞ்சைக்குத் தீனியாகப் போட்டு நாரை உடைக்கும் செல்லுலேஸ் என்சைம் எடுத்து, அந்த என்சைமை வைத்து நாரைச் சர்க்கரையாக்கலாம் என்று இறங்குகிறவர்கள், பெரும்பாலும் கடைசி வருட புராஜெக்ட் பிள்ளைகள், இரண்டு வேலையை ஒரே வேலை என்று நினைத்துவிடுகிறார்கள்.

பூஞ்சை என்சைமைச் சுரப்பது தன் பசிக்கு. நாரை உடைத்து வரும் சர்க்கரையை அதுவே தின்றுவிடும். அதனால் "பத்து நாள் வைத்தேன், சர்க்கரையே வரலையே" என்று கேட்டால், எப்படி வரும்? முதலில் 28, 30 டிகிரியில் பூஞ்சையை வளர்த்து, ஐந்தாறு நாளில் சிட்ரேட் பஃபரில் (பிஎச் மாறாமல் பிடித்துவைக்கும் கரைசல்) என்சைமைக் கரைத்து வடிகட்டி எடுக்க வேண்டும். அப்புறம் அந்தச் சாற்றை வேறொரு குடுவையில் புது நார்த்தூளோடு சேர்த்து, பிஎச் 5-ஐ ஒட்டி, 50 டிகிரியில் வைக்க வேண்டும். அந்தச் சூட்டில் இதற்குப் பயன்படுத்தும் டிரைக்கோடெர்மா பூஞ்சை வளராது, என்சைம் மட்டும் வேலை செய்யும். கிருமி சாகட்டும் என்று வடித்த சாற்றைக் கொதிக்க வைத்தால் கதை முடிந்தது, என்சைமும் ஒரு புரதம்தானே.

இன்னொன்று, சீக்கிரம் வளரட்டும் என்று கருப்பட்டியோ வெல்லமோ தாராளமாகச் சேர்ப்பது. பூஞ்சை நன்றாகத்தான் வளரும், ஆனால் கையில் இனிப்பு இருக்கும்போது நாரை உடைக்க அது ஏன் மெனக்கெட வேண்டும்? குளுக்கோஸ் இருந்தால் செல்லுலேஸ் சுரப்பு அடங்கிவிடும். (பழத்தோலும் வெல்லமும் போட்டு மூன்று மாதம் ஊறவைக்கும் 'பயோ என்சைம்' வேறு சமாசாரம், அதில் முக்கியமாக இருப்பது காடிப் புளிப்பு.)

உரக்கடையில் கிடைக்கும் டிரைக்கோடெர்மா விரிடி பாக்கெட்டைப் பிரித்துத் தூவுவதும் வேண்டாம். அது பயிர் நோயைத் தடுப்பதற்காகத் தேர்ந்தெடுத்த ரகம். செல்லுலேஸுக்குப் பேர்போனது டிரைக்கோடெர்மா ரீசி. இரண்டாம் உலகப் போரில் சாலமன் தீவுகளில் அமெரிக்க ராணுவத்தின் பருத்தித் துணியை மக்க வைத்த அதே பூஞ்சை. சண்டிகரில் உள்ள எம்டிசிசி போன்ற நுண்ணுயிர்ச் சேமிப்பகத்தில் வாங்கலாம். கூடவே ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற இன்னொரு பூஞ்சையின் என்சைமும் கொஞ்சம் கலந்தால் நல்லது, ரீசி மட்டும் என்றால் செல்லோபயோஸ் (இரண்டு குளுக்கோஸ் ஒட்டிய, பாதி உடைந்த சர்க்கரை) தேங்கி வேலை பாதியில் மந்தமாகிவிடும்.

எந்தக் கழிவு? சும்மா கிடைக்கிறது என்று தும்பு ஆலை நார்க்கழிவை எடுக்காதீர்கள். நாரை இறுக்கிப் பிடிக்கும் லிக்னின் அதிகம், என்சைம் உள்ளே நுழையவே திணறும். வைக்கோல் தேவலை. வாழைத்தண்டும் தேவலை, ஆனால் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், அதனால் காயவைத்து அரைத்தால் கைக்கு வருவது கொஞ்சம்தான். லிக்னினைக் கழற்றக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்தால் பிஎச் 7-க்கு இறங்கும்வரை அலசுங்கள். இதில் சோம்பல்பட்டு ஒரு தொகுதியையே இழந்திருக்கிறேன், பூஞ்சை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஈரம்தான் எல்லாரையும் படுத்தும் விஷயம். கலவையை ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வரலாம், ஒழுகினால் கெட்டது. தண்ணீர் தேங்கினால் காற்று போகாது, பாக்டீரியா ஏறும், புளித்த மாவு வாடை வரும். ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை என்கிற நம்ம ஊரில் காய்ந்த ஊரான மதுரைக்காரர் சொன்ன தண்ணீர் அளவை அப்படியே ஊற்றினால் கூழாகத்தான் போகும். தட்டில் கனமாக நிரப்பவும் கூடாது. மூன்றாம் நாள் நடுவில் விரலை விட்டுப் பார்த்தால், கையுறையோடுதான், வெதுவெதுவென்று சுடும். பூஞ்சை தன் சூட்டிலேயே வெந்துபோகும். இரண்டு விரற்கடைக்கு மேல் வேண்டாம். பச்சை வித்து பறக்கும்போது முகக்கவசம் இல்லாமல் தட்டைத் திறக்காதீர்கள்.

கடைசியாக, அளவு. சர்க்கரையை நிறத்தால் அளக்கும் டிஎன்எஸ் சோதனையில் மஞ்சள் கரைசல் செங்கபிலமாக மாறியதும் துள்ளிக் குதித்துவிடுவோம். எனக்கும் நடந்தது. அப்புறம் என்சைமே சேர்க்காத வாழைத்தூள் குழாயைச் சூடாக்கினேன், அதுவும் கிட்டத்தட்ட அதே நிறம். தண்டுச் சாற்றில் ஏற்கெனவே இருந்த சர்க்கரைதான் அவ்வளவும். இப்போதெல்லாம் என்சைம் இல்லாத குழாய் ஒன்று, நார் இல்லாத குழாய் ஒன்று, இரண்டையும் வைத்த பிறகுதான் மற்றதைத் தொடுகிறேன்.