கிளிசரினுக்குள் காற்று விரல்கள்: மேசை மேல் ஒரு நிலையின்மைச் சோதனை

கெட்டியான திரவத்தை அதைவிட நெகிழ்வான ஒன்று தள்ளினால், நடுவிலுள்ள எல்லை ஒழுங்காக நகராது. விரல் விரலாகப் பிரியும். நீரைச் செலுத்தி எண்ணெய்க் கிணற்றைக் காலி செய்யும்போதும் இதே தொல்லைதான். 1958இல் பிரிட்டன் விஞ்ஞானிகள் சாஃப்மனும் டெய்லரும் இதற்குக் கணக்குப் போட்டார்கள்.

தேவை: 20 செ.மீ. சதுர அக்ரிலிக் தகடு இரண்டு, 5 மி.மீ. கனத்தில் (மெல்லிய தகடு வளைந்துவிடும்), மருந்துக்கடை கிளிசரின், ஊசியில்லாத 5, 10 மி.லி. சிரிஞ்சுகள், மீன்தொட்டிக் குழாய்த் துண்டு, எம்-சீல், விசிட்டிங் கார்டு, கிளிப் நான்கு, ஃபுட் கலர் தூள்.

1. ஒரு தகட்டின் நடுவே துளையிட்டுக் குழாயைச் செருகி, எம்-சீல் வைத்து அடையுங்கள். குழாய் அடியில் துருத்தக் கூடாது.

2. நான்கு மூலையிலும் கார்டுத் துண்டுகளை வைத்து 0.5 மி.மீ. இடைவெளி விட்டு, அவற்றின் மேலேயே கிளிப் போடுங்கள். பத்து கார்டுகளை அடுக்கி அளந்து பத்தால் வகுத்தால் ஒரு கார்டின் கனம் கிடைக்கும்.

3. கிளிசரினில் சிட்டிகை கலர் கலந்து, 5 மி.லி. மெதுவாகச் செலுத்துங்கள். வட்டமாகப் பரவும். விளிம்பைக் கவனியுங்கள்: வழுவழுப்பாக இருக்கும். இங்கே கெட்டியானது காற்றைத் தள்ளுகிறது. அது நிலையான திசை.

4. இப்போது 10 மி.லி. சிரிஞ்சில் காற்றை இழுத்து, அதே குழாயில் ஒரே சீராக அழுத்துங்கள். குமிழி முதலில் வட்டம். பிறகு விளிம்பு நெளியும். நெளிவுகள் விரலாகி, நுனி இரண்டாகப் பிளக்கும். தகடும் பொருளும் அதேதான், திசை மட்டுமே மாறியிருக்கிறது.

காரணம் இது. விளிம்பில் ஓரிடம் தற்செயலாக மயிரிழை முந்தினாலும், அதன் முன்னுள்ள கிளிசரின் பட்டை குறுகித் தடை குறையும். அங்கே காற்று இன்னும் வேகமாக ஓடும். முந்தியது மேலும் முந்தும். பரப்பு இழுவிசையோ மிகச் சிறிய நெளிவுகளை அமுக்கிவிடும். இந்த இழுபறியில் ஓர் அகலம் மட்டும் மற்றவற்றைவிட வேகமாக வளரும். 30 டிகிரி வெப்பத்தில், விளிம்பு நொடிக்கு 1 செ.மீ. நகர்ந்தால், அடுத்தடுத்த நெளிவுகளுக்கு இடையே சுமார் 5 மி.மீ. வரும். வேகம் 4 மடங்கானால் அது பாதியாகும்; தகடுகளின் இடைவெளியை இரட்டித்தால் அதுவும் இரட்டிக்கும். எந்த இடத்தில் விரல் முளைக்கும் என்பது ஒவ்வொரு முறையும் மாறும். அகலம் மாறாது.

ஒரே பக்கமாகக் காற்று ஓடினால் இடைவெளி சமமில்லை; கார்டுகளைச் சரிபாருங்கள். ஒன்றிரண்டு தடித்த விரல்களே வந்தால் அழுத்தியது மெதுவு, அல்லது கிளிசரினில் நீர் சேர்ந்து இளகிவிட்டது. திறந்து வைத்தால் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும், மூடியே வையுங்கள். ஒரு விரல் வெளி விளிம்பைத் தொட்டதும் அழுத்தம் போய்விடும், மற்றவை நின்றுவிடும். படத்தை அதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். அடியில் வெள்ளைத்தாள் இருந்தால் தெளிவாகத் தெரியும்.

தகடுகளைச் சோப்பு நீரில் மட்டும் கழுவுங்கள். ஸ்பிரிட் பட்டால் அக்ரிலிக்கில் நுண்விரிசல் விழும்.